வினையூக்கி இருந்த ஆலையும் இல்லாத ஆலையும்: பிளாஸ்டிக் கழிவை எரிபொருளாக்கும் முறை குறித்த நிகழ்வு ஆய்வு

ஜப்பானின் ஹியோகோ மாகாணத்தில் உள்ள அயோய் நகரில், 1990-களின் தொடக்கத்தில், ஆண்டுக்கு 5,000 டன் பிளாஸ்டிக் கழிவை எண்ணெயாக மாற்றும் ஆலை ஒன்றை ஃபூஜி ரீசைக்கிள் நிறுவனம் அமைத்தது. பிளாஸ்டிக்கை உருக்கி, முதலில் வெப்பத்தால் மட்டும் சிதைத்து, அப்போது எழும் ஆவியை இசட்எஸ்எம்-5 என்னும் ஜியோலைட் (நுண்துளைகள் கொண்ட படிகம்) வினையூக்கி நிரப்பிய படுகையின் வழியே செலுத்தி, பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் ஆகியவற்றின் கொதிநிலை வரம்பில் அடங்கும் எண்ணெயைப் பெறுவது அங்கு கையாளப்பட்ட முறை. சில ஆண்டுகள் கழித்து, 2000-ஆம் ஆண்டில், நாட்டின் வடக்கே சப்போரோ நகரில் இதே நோக்கத்துடன் மற்றோர் ஆலை இயங்கத் தொடங்கியது. அதன் திறன் ஆண்டுக்கு 14,800 டன். அயோய் ஆலையைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. வீடுகளில் பிரித்து வைக்கப்பட்ட பொட்டலக் கழிவை அது நேரடியாக எதிர்கொண்டது. அந்த ஆலையின் வடிவமைப்பில் வினையூக்கி இடம்பெறவில்லை.

இந்த வேறுபாட்டை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். வினையூக்கி, சிதைவுக்குத் தேவையான வெப்பநிலையைக் குறைக்கிறது, மெழுகைக் குறைக்கிறது, எண்ணெயின் தரத்தை உயர்த்துகிறது என்பவை ஆய்வகங்களில் திரும்பத் திரும்ப நிறுவப்பட்ட உண்மைகள். அப்படியிருக்க, பின்னால் வந்ததும் அளவில் பெரியதுமான ஆலை அதைப் பயன்படுத்தாமல் விட்டது ஏன் என்ற கேள்வி எழுகிறது. உலைக்குள் நுழையும் கழிவின் கலவையே இதற்குக் காரணம் என்று கருதுகிறேன். அக்கருத்துக்கு இட்டுச்சென்ற வேதியியலையும் ஆலை நடைமுறையையும் கீழே விளக்குகிறேன்.

வெப்பம் மட்டும் செய்யும் வேலை

பிளாஸ்டிக் என்ற ஒரே பெயரால் குறிக்கப்படும் பொருள்கள் வெப்பத்தின் முன் ஒன்றுபோல நடந்துகொள்வதில்லை. பாலிஎத்திலீனின் நீண்ட கார்பன் சங்கிலி, காற்று புகாத உலையில் வெப்பநிலை 400 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது, எந்த இடத்தில் வேண்டுமானாலும் அறுபடக்கூடியது. ஆகையால் அதிலிருந்து ஒரு குறிப்பிட்ட சேர்மம் கிடைக்காமல், ஒன்றிரண்டு கார்பன் அணுக்கள் கொண்ட வாயுவில் தொடங்கி நாற்பது ஐம்பது கார்பன் அணுக்கள் கொண்ட மெழுகு வரை நீளும் ஒரு வரிசையே கிடைக்கிறது. பாலிபுரோப்பிலீனில் ஒன்றுவிட்டு ஒரு கார்பனில் மெத்தில் கிளை இருப்பதால் அது சற்றுக் குறைந்த வெப்பநிலையிலேயே அறுபடத் தொடங்குகிறது; மூன்று புரோப்பிலீன் அலகுகள் சேர்ந்த 2,4-டைமெத்தில்-1-ஹெப்டீன் அதன் எண்ணெயில் தனித்துத் தெரியும் அளவுக்கு உருவாகிறது. பாலிஸ்டைரீன் பெரும்பாலும் தன் மூலப்பொருளான ஸ்டைரீனாகவே திரும்பிவிடுகிறது.

இம்மூன்றிலும் கார்பனும் ஹைட்ரஜனும் தவிர வேறு தனிமம் இல்லை. இவற்றுள் பாலிஎத்திலீனும் பாலிபுரோப்பிலீனும் எரிபொருளாக்குவதற்கு ஏன் இவ்வளவு பொருத்தமானவை என்பதை ஹைட்ரஜன் கணக்கு காட்டுகிறது. இரண்டிலும் நிறையில் 14 விழுக்காட்டுக்குச் சற்று மேல் ஹைட்ரஜன். டீசலில் உள்ளதும் ஏறத்தாழ 13 முதல் 14 விழுக்காடு. அதாவது, வெளியிலிருந்து ஹைட்ரஜன் சேர்க்காமலேயே சங்கிலியைத் துண்டாக்கினால் போதும், எரிபொருளுக்கு நெருங்கிய சேர்மங்கள் கிடைத்துவிடும். ஆனால் இந்தக் கணக்கு எளிதில் கலையக்கூடியது. மீத்தேனில் 25 விழுக்காடு ஹைட்ரஜன் இருப்பதால், வெப்பநிலை மிகுந்து மீத்தேன் அதிகமாக வெளியேறினால், அது தன் பங்குக்கு மேல் ஹைட்ரஜனை எடுத்துச் செல்கிறது. எஞ்சிய பகுதி ஹைட்ரஜன் குன்றி, பென்சீன் போன்ற வளையம் கொண்ட அரோமாட்டிக் சேர்மங்களாகவும் கரியாகவும் மாறுகிறது. பாலிஸ்டைரீனில் ஹைட்ரஜன் 8 விழுக்காட்டுக்கும் குறைவு என்பதால் அது தொடக்கத்திலிருந்தே கரியின் பக்கம் சாய்ந்து நிற்கிறது. வாயு, எண்ணெய், கரி ஆகிய மூன்றில் எதையும் மற்ற இரண்டைத் தொடாமல் கூட்டவோ குறைக்கவோ முடியாது என்பதை இத்துறையில் நுழைவோர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். விளம்பரங்களில் வரும் மிகையான விளைச்சல் எண்களைச் சோதிக்க இதைவிட எளிய கருவி எனக்குத் தெரிந்து இல்லை.

வெப்பத்தால் மட்டும் பெறப்பட்ட எண்ணெய்க்கு இரண்டு குறைகள் உண்டு. பாலிஎத்திலீனிலிருந்து வரும் கனமான பகுதி அறை வெப்பநிலையில் உறைந்து, குளிர்விப்பான் குழாய்களை அடைக்கிறது. ஆலை இயக்குவோருக்கு அன்றாடத் தொல்லை இதுதான். அடுத்ததாக, சங்கிலி அறுபடும்போது ஒரு துண்டின் முனையில் இரட்டைப் பிணைப்பு உருவாவதால், எண்ணெயில் ஒலிஃபின்கள் எனப்படும் இரட்டைப் பிணைப்புள்ள சேர்மங்கள் நிறைந்திருக்கின்றன. சேமித்து வைக்கும்போது இவை ஒன்றோடொன்று இணைந்து பிசின்போல் படிந்து, வடிகட்டியையும் எரிபொருள் செலுத்தும் முனையையும் அடைக்கின்றன. புதிதாக வடித்த எண்ணெயை ஓர் இயந்திரத்தில் ஊற்றி ஓட்டிக் காட்டுவது எவருக்கும் எளிது. அதே எண்ணெய் மூன்று மாதம் தொட்டியில் கிடந்த பின் எப்படி இருக்கிறது என்று கேட்பதே முறையான சோதனை.

ஜியோலைட்டின் துளைகளில் நடப்பது

இசட்எஸ்எம்-5 என்பது சிலிக்கா, அலுமினா ஆகியவற்றால் ஆன படிகம். மொபில் நிறுவனம் 1972-இல் இதற்குக் காப்புரிமை பெற்றது. ஏறத்தாழ 0.55 நானோமீட்டர் அகலமுள்ள நுண்குழாய்கள் இதன் உள்ளே குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. படிகக் கட்டமைப்பில் சிலிக்கானுக்குப் பதிலாக அலுமினியம் அமர்ந்திருக்கும் இடங்களில் அமிலத்தன்மை உருவாகிறது. வினை நடப்பது அந்த அமிலத் தளங்களில்தான். ஓர் ஒலிஃபின் மூலக்கூறு அங்கே வந்து புரோட்டானைப் பெற்று நேர்மின்னூட்டம் கொண்ட அயனியாக மாறுகிறது. அந்த அயனி தன்னை மறுசீரமைத்துக்கொண்டு கிளைத்த வடிவம் பெறுகிறது, பின்னர் இரண்டாகப் பிளக்கிறது. பெட்ரோலின் தரத்தைக் குறிக்கும் ஆக்டேன் எண், நேர்ச்சங்கிலி கொண்ட ஹெப்டேனுக்கு 0 என்றும், கிளைத்த ஐசோஆக்டேனுக்கு 100 என்றும் வரையறுக்கப்பட்டிருப்பதை நினைத்துப் பார்த்தால், இந்தக் கிளைத்தலின் மதிப்பு விளங்கும். பாலிஎத்திலீனிலிருந்து வெப்பம் மட்டும் பெரும்பாலும் நேர்ச்சங்கிலிகளையே தருகிறது. அமிலத் தளம் அவற்றைக் கிளைக்கச் செய்கிறது, சிலவற்றை வளையமாக்கி பென்சீன், டொலுவீன், சைலீன் ஆகியவற்றையும் உருவாக்குகிறது.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. உருகிச் சுருண்டு கிடக்கும் பாலிமர் சங்கிலியால் 0.55 நானோமீட்டர் துளைக்குள் எளிதில் நுழைய இயலாது. வினையூக்கித் தூளை உருகிய பிளாஸ்டிக்கோடு நேரடியாகக் கலந்தால், படிகத்தின் வெளிப்பரப்பில் உள்ள சொற்பமான தளங்களே முதலில் வேலை செய்கின்றன. அதோடு, கழிவில் கலந்திருக்கும் கால்சியம் கார்பனேட், டைட்டேனியம் டைஆக்சைடு போன்ற நிரப்பிகளும் நிறமிகளும் மண்ணும் வினையூக்கியோடு சேர்ந்து உலையின் அடியில் கரியாகத் தேங்குகின்றன. அந்தக் கலவையிலிருந்து வினையூக்கியைத் திரும்பப் பிரித்தெடுக்க நடைமுறையில் வழியில்லை. அயோய் ஆலையின் இரண்டு கட்ட அமைப்பு இதற்கு நேர்த்தியான தீர்வு. முதல் கலனில் வெப்பம் சங்கிலியை ஆவியாகும் அளவுக்குக் குறுக்குகிறது. அழுக்கும் நிரப்பியும் அங்கேயே தங்கிவிடுகின்றன. துளைக்குள் நுழையக்கூடிய சிறிய மூலக்கூறுகள் மட்டும் ஆவியாக வினையூக்கிப் படுகையை அடைகின்றன.

ஜியோலைட் வகைகளில் இசட்எஸ்எம்-5-ஐத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. பெட்ரோலியச் சுத்திகரிப்பு ஆலைகளில் பெருமளவில் பயன்படும் ஒய் வகை ஜியோலைட்டின் துளை வாயில் ஏறத்தாழ 0.74 நானோமீட்டர், உள்ளே அதைவிடப் பெரிய குழிகள் உள்ளன. அக்குழிகளில் இரண்டு பெரிய மூலக்கூறுகள் ஒரே நேரத்தில் சந்தித்து ஹைட்ரஜனைப் பரிமாறிக்கொள்ள இடம் கிடைக்கிறது. அதன் விளைவாக எண்ணெய் நிலைத்தன்மை பெற்றாலும் கரியும் விரைவாகப் படிகிறது. இசட்எஸ்எம்-5-இன் குறுகலான குழாயில் அத்தகைய சந்திப்புக்கு இடமில்லை என்பதால் கரிப்படிவு மெதுவாகவே நிகழ்கிறது. அசையாத படுகையாக வினையூக்கியை அமைக்கும்போது இந்த மெதுவான கரிப்படிவு மிகவும் முக்கியம். படுகை செயலிழந்ததும் ஓட்டத்தை மற்றொரு படுகைக்கு மாற்றி, முதலாவதில் சூடான காற்றைச் செலுத்திக் கரியை எரித்து மீட்க வேண்டியிருக்கும். சுத்திகரிப்பு ஆலைகளில் வினையூக்கித் தூளே திரவம்போல் ஓடி, சில நொடிகளில் வினை முடித்து, மறுகலனில் கரி எரிக்கப்பட்டு, அந்த வெப்பத்தையும் சுமந்துகொண்டு திரும்புகிறது. அவ்வளவு பெரிய அமைப்பை ஆண்டுக்குச் சில ஆயிரம் டன் கையாளும் ஆலையில் கட்டுவது பொருளாதாரத்துக்கு ஒத்துவராது.

ஈடாக இழப்பதும் உண்டு. இசட்எஸ்எம்-5 மூலக்கூறுகளைத் திரும்பத் திரும்பப் பிளப்பதால் புரோப்பிலீன், பியூட்டீன் போன்ற வாயுக்கள் பெருகுகின்றன. எண்ணெயின் தரம் உயரும்போது அதன் அளவு குறைகிறது. அந்த வாயு வீணாவதில்லை, உலையைச் சூடாக்கப் பயன்படுகிறது. ஆனாலும் எண்ணெயை விற்று நிலைத்திருக்க வேண்டிய ஆலைக்கு இது கவனத்தில் கொள்ள வேண்டிய இழப்பே.

வினையூக்கியை முடக்கும் பொருள்கள்

வீட்டுப் பொட்டலக் கழிவில் மேற்சொன்ன மூன்று பிளாஸ்டிக்குகள் மட்டும் வருவதில்லை. குளோரின் கொண்ட பிவிசி வருகிறது, குடிநீர்ப் புட்டிகள் செய்யப் பயன்படும் பெட் பிளாஸ்டிக் வருகிறது, நைலான் அடுக்கு சேர்ந்த உணவுப் பொதிகளும் வருகின்றன. இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக ஆலைக்குத் தீங்கு செய்கின்றன. அவற்றுள் பிவிசி செய்வதுதான் மிகக் கொடியது.

பிவிசியின் நிறையில் ஏறத்தாழ 57 விழுக்காடு குளோரின். 300 டிகிரியை ஒட்டிய வெப்பநிலையில் அது ஹைட்ரஜன் குளோரைடாகப் பெருமளவில் வெளியேறுகிறது. நீராவியோடு சேர்ந்த ஹைட்ரஜன் குளோரைடு, ஜியோலைட்டின் கட்டமைப்பிலிருந்து அலுமினியத்தைப் பிடுங்கிவிடுகிறது. அமிலத் தளத்தை உண்டாக்குவதே அந்த அலுமினியம் என்பதால், அது போனபின் படிகம் இருந்தும் பயனில்லை. இரும்பும் துருப்பிடிக்கா எஃகும் அரிக்கப்படுகின்றன. வெளியேறிய ஹைட்ரஜன் குளோரைடின் ஒரு பகுதி, குளிரும் ஆவியில் உள்ள ஒலிஃபின்களோடு மீண்டும் இணைந்து கரிமக் குளோரின் சேர்மங்களாகி எண்ணெயிலேயே தங்கிவிடுகிறது.

குளோரினின் பிடி எவ்வளவு இறுக்கமானது என்பதை ஓர் எளிய கணக்கால் காட்டலாம். ஒரு டன் கழிவில் 1 விழுக்காடு மட்டும், அதாவது 10 கிலோ, பிவிசி இருப்பதாகக் கொள்வோம். அதில் குளோரின் ஏறத்தாழ 5.7 கிலோ. முன்கூட்டியே சூடாக்கி அதில் 99 விழுக்காட்டை நீக்கிவிட்டதாகவும் வைத்துக்கொள்வோம். எஞ்சுவது 57 கிராம். அது முழுவதும் 700 கிலோ எண்ணெயில் சேர்ந்தால், பத்து லட்சத்தில் 80 பங்கு என்ற அளவை எட்டுகிறது. பெட்ரோலிய வேதி ஆலைகள் தம் மூலப்பொருளான நாப்தா என்னும் இலேசான எண்ணெயில் ஏற்றுக்கொள்ளும் குளோரினோ பத்து லட்சத்தில் ஒரு சில பங்குகள் மட்டுமே. 99 விழுக்காடு நீக்கம் என்பது காகிதத்தில் பெருமைக்குரிய எண்ணாகத் தோன்றும். ஆலைக்கு அது போதவே போதாது.

பெட்டின் நிறையில் மூன்றில் ஒரு பங்கு ஆக்சிஜன். அது சிதைந்து கார்பன் டைஆக்சைடையும் கார்பன் மோனாக்சைடையும் தருவதோடு, டெரிப்தாலிக் அமிலம், பென்சோயிக் அமிலம் ஆகியவற்றையும் தருகிறது. டெரிப்தாலிக் அமிலம் திரவ நிலையைத் தொடாமல் ஆவியிலிருந்து நேரே திடப்பொருளாகப் படிவதால், குளிர்ந்த இடம் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் வெண்தூளாக அடைத்துக்கொள்கிறது. நைலானும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கும் நைட்ரஜன் சேர்மங்களைத் தருகின்றன. அவற்றுள் காரத்தன்மை கொண்டவை அமிலத் தளத்தில் ஒட்டிக்கொண்டு அதைச் செயலிழக்கச் செய்கின்றன. குளோரினும் நைட்ரஜனும் ஒருங்கே வந்தால் அம்மோனியம் குளோரைடு உருவாகி, குழாய்களில் உப்பாகப் படிகிறது.

சப்போரோவின் வடிவமைப்பு

1995-இல் ஜப்பான் இயற்றிய கொள்கலன் மற்றும் பொட்டலப் பொருள் மறுசுழற்சிச் சட்டம், 2000 ஏப்ரல் முதல் பிளாஸ்டிக் பொட்டலங்கள் அனைத்துக்கும் நடைமுறைக்கு வந்தது. வீட்டார் பிரித்து வைக்க, நகராட்சிகள் சேகரித்துக் கட்டுகளாக அழுத்தி ஒப்படைக்க, மறுசுழற்சி நிறுவனங்கள் அதை ஏற்றன. மனிதர் எவ்வளவு அக்கறையோடு பிரித்தாலும், ஓர் உறையின் அடுக்குகளுக்குள் என்னென்ன இருக்கின்றன என்பது கண்ணுக்குத் தெரியாது. சப்போரோ ஆலை எதிர்கொண்டது அத்தகைய கழிவைத்தான்.

தோஷிபா நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில் அமைந்த அந்த ஆலையில் கழிவு முதலில் உடைக்கப்பட்டு, உலோகம் முதலியவை நீக்கப்பட்டு, உலர்த்தப்பட்டு, சிறு உருண்டைகளாக்கப்பட்டது. அடுத்த கட்டத்தில் அது 300 டிகிரிக்கு மேல் சூடாக்கப்பட்டு, குளோரின் வெளியேற்றப்பட்டது. அதன் பிறகே சுழல் உலைக்குள் சென்று முழுமையாகச் சிதைந்தது. எழுந்த ஆவி குளிர்விக்கப்பட்டு, காய்ச்சி வடிக்கப்பட்டு, இலேசான எண்ணெய், நடுத்தர எண்ணெய், கன எண்ணெய் என மூன்றாகப் பிரிக்கப்பட்டது. இலேசானது பெட்ரோலிய வேதித் தொழிலுக்கு மூலப்பொருளாகவும், நடுத்தரமானது எரிபொருளாகவும், கனமானது மின்னாக்கத்துக்கும் பயன்பட்டன. ஒடுங்காத வாயு உலையைச் சூடாக்கியது.

அந்தச் சுழல் உலையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இத்துறையின் மற்றொரு மூலச் சிக்கல் அதில் அடங்கியிருக்கிறது. பிளாஸ்டிக் வெப்பத்தை மிகக் குறைவாகவே கடத்தும் பொருள். உலையின் சுவரை ஒட்டிய பகுதி அளவுக்கு மீறிச் சூடாகிக் கரியும்போது, நடுப்பகுதி இன்னும் சரிவர உருகியிருக்காது. சுவரில் படியும் கரி தானே ஒரு வெப்பத்தடை. அதனால் உள்ளே அதே வெப்பத்தைத் தர சுவரை மேலும் சூடாக்க வேண்டியிருக்கிறது, அதனால் மேலும் கரி படிகிறது. ஆய்வகத்தில் சில கிராம் பிளாஸ்டிக்கைச் சூடாக்கும்போது இச்சிக்கல் தலைகாட்டுவதே இல்லை. கலன் பெரிதாகப் பெரிதாக, கொள்ளளவின் விகிதத்தில் சுவரின் பரப்பு குறைவதால், அது முதன்மைச் சிக்கலாக உருவெடுக்கிறது. சப்போரோ உலைக்குள் பீங்கான் உருண்டைகள் இடப்பட்டிருந்தன. உலை சுழலும்போது அவை உருண்டு சுவரில் படியும் கரியைச் சுரண்டின. கரி தூளாகித் தனியே வெளியேறியது.

இந்த அமைப்பை அயோய் ஆலையோடு ஒப்பிடும்போது, வடிவமைப்பாளர்களின் முன்னுரிமை மாறியிருப்பது தெளிவாகிறது. அயோயில் எண்ணெயின் தரம் உலையை அடுத்த படுகையிலேயே உயர்த்தப்பட்டது. சப்போரோவிலோ உழைப்பு முழுவதும் கழிவைத் தாங்குவதற்குச் செலவிடப்பட்டது. தரம் உயர்த்தும் வேலை எண்ணெயைப் பெற்றுக்கொள்பவரிடம் விடப்பட்டது. சுத்திகரிப்பு ஆலைகளில் ஹைட்ரஜன் செலுத்தி ஒலிஃபின்களையும் குளோரினையும் நீக்கும் அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. அங்கும் வினையூக்கிதான் பணியாற்றுகிறது, ஆனால் பெருமளவு கச்சா எண்ணெய்ப் பகுதிகளோடு சிறிதளவாகக் கலந்து நீர்த்துப்போன பிறகு. நச்சுப்பொருள் நிறைந்த ஆவிக்கு முன்னால் விலையுயர்ந்த ஜியோலைட்டை நிறுத்தி, அதை அடிக்கடி மாற்றிக்கொண்டிருப்பதைவிட இது அறிவுக்கு உகந்த ஏற்பாடு என்றே நானும் கருதுகிறேன்.

ஆலை நின்றதன் காரணம்

சப்போரோ ஆலை ஏறத்தாழ பத்து ஆண்டுகள் இயங்கிய பின் மூடப்பட்டது. உலை வேலை செய்யாததால் அது நிற்கவில்லை. சட்டத்தின்கீழ் ஆண்டுதோறும் நடந்த ஏலத்தில், ஒரு டன் கழிவை ஏற்க எவர் குறைந்த கட்டணம் கேட்கிறாரோ அவருக்கே கழிவு கிடைத்தது. பிளாஸ்டிக்கை மீண்டும் பிளாஸ்டிக்காகவே ஆக்கும் முறைக்கு முன்னுரிமையும் இருந்தது. எண்ணெயாக்கும் ஆலைகளுக்கு எஃகு ஆலைகள் கடும் போட்டியாக அமைந்தன. நிப்பான் ஸ்டீல் நிறுவனம் 2000-ஆம் ஆண்டிலிருந்து நிலக்கரியைக் கோக் என்னும் கரியாக மாற்றும் தன் அடுப்புகளில் நிலக்கரியோடு ஏறத்தாழ 1 விழுக்காடு பிளாஸ்டிக் கழிவைக் கலந்து சூடாக்கத் தொடங்கியிருந்தது. அங்கே பிளாஸ்டிக்கின் ஏறத்தாழ 40 விழுக்காடு எண்ணெயாகவும், 40 விழுக்காடு வாயுவாகவும், 20 விழுக்காடு கோக்காகவும் மாறுகிறது. குளோரினை அங்கே நிலக்கரியிலிருந்து எழும் அம்மோனியா பிடித்துக்கொள்கிறது; எண்ணெயாக்கும் ஆலையில் குழாயை அடைக்கும் அதே அம்மோனியம் குளோரைடு, கோக் ஆலையில் அம்மோனியா நீரில் கரைந்து போய்விடுகிறது. அடுப்பும் எண்ணெய் பிரிக்கும் அமைப்பும் ஏற்கெனவே கட்டப்பட்டவை என்பதால் கட்டணத்தைக் குறைத்துக் கேட்க முடிந்தது. தனியாக நிறுவப்பட்டு, தன் மூலதனம் முழுவதையும் கழிவிலிருந்தே மீட்க வேண்டிய ஆலையால் அதற்கு ஈடுகொடுக்க இயலவில்லை.

ஜெர்மனியிலும் இதற்கு ஒத்த நிகழ்வு உண்டு. பிஏஎஸ்எஃப் நிறுவனம் லுட்விக்ஸ்ஹாஃபன் வளாகத்தில் 1994-இல் ஆண்டுக்கு 15,000 டன் கையாளும் முன்னோடி ஆலையை நிறுவி, ஆண்டுக்கு 3,00,000 டன் கையாளும் பேராலையைத் திட்டமிட்டது. போதிய கழிவு, போதிய கட்டணத்தில், நீண்ட காலத்துக்கு உறுதியாகக் கிடைக்காததால் 1996-இல் அத்திட்டம் கைவிடப்பட்டது.

இவற்றுக்கு எதிர்முனையில் நிற்பது டேராடூனில் உள்ள இந்தியப் பெட்ரோலிய நிறுவனத்தின் முயற்சி. அந்நிறுவனம் கெயில் நிறுவனத்தின் ஆதரவோடு உருவாக்கி 2019 ஆகஸ்டில் தொடங்கிய ஆலை நாளொன்றுக்கு 1 டன் பிளாஸ்டிக்கிலிருந்து 800 லிட்டர் டீசல் தருவதாக அறிவிக்கப்பட்டது. டீசலின் அடர்த்தியைக் கொண்டு பார்த்தால் 800 லிட்டர் என்பது ஏறத்தாழ 660 கிலோ. நிறையில் மூன்றில் இரண்டு பங்கு. மீதி வாயுவாகவும் எச்சமாகவும் போக இடம் விட்டிருப்பதால், முன்பு சொன்ன ஹைட்ரஜன் கணக்கோடு இந்த எண் பொருந்தி வருகிறது. அங்கு உள்ளீடு பாலிஎத்திலீன், பாலிபுரோப்பிலீன் போன்ற பாலிஒலிஃபின்கள். கழிவின் கலவை இவ்வாறு கட்டுக்குள் இருக்கும் இடத்தில் வினையூக்கி தன் முழுத் திறனைக் காட்ட முடிகிறது.

எரிபொருள் என்று அழைப்பதற்கு முன்

பெறப்பட்ட எண்ணெயை டீசல் என்று அழைக்க எப்போது உரிமை கிடைக்கிறது என்பதில் நான் கண்டிப்பாக இருக்க விரும்புகிறேன். ஐரோப்பிய டீசல் தர விதியின்படி டீசல் எளிதில் எரியத் தொடங்கும் தன்மையைக் குறிக்கும் சீட்டேன் எண் குறைந்தது 51 ஆகவும், அதன் ஆவி தீப்பற்றக்கூடிய மிகக் குறைந்த வெப்பநிலையான தீப்பற்றுநிலை 55 டிகிரிக்கு மேலும், கந்தகம் ஒரு கிலோவில் 10 மில்லிகிராமுக்கு மிகாமலும் இருக்க வேண்டும். 360 டிகிரிக்குள் 95 விழுக்காடு வடிந்துவிடவும் வேண்டும். பிளாஸ்டிக்கில் கந்தகம் மிகக் குறைவு என்பதால் அந்த நிபந்தனை பெரும்பாலும் எளிதில் நிறைவேறும். பாலிஎத்திலீனின் நேர்ச்சங்கிலிகள் சீட்டேன் எண்ணுக்கும் உதவுகின்றன. இடறுவது தீப்பற்றுநிலையில், இலேசான பகுதியைச் சரியாக வடித்து நீக்காத எண்ணெய் 55 டிகிரிக்கு வெகு கீழேயே தீப்பற்றும். இது வெறும் தரக் குறைவாக நின்றுவிடுவதில்லை. சேமிப்பவரின் உயிருக்கே ஆபத்து. காய்ச்சி வடிக்கும் கோபுரம் இல்லாத சிறு ஆலைகள் தம் எண்ணெயை டீசல் என்று விற்பதை இக்காரணத்தாலேயே ஏற்க முடியாது. வினையூக்கி வழி பெறப்படும் பெட்ரோலுக்கு மற்றொரு வரம்பு உண்டு: பல நாடுகளில் பென்சீன் 1 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக்கூடாது. ஆக்டேன் எண்ணை உயர்த்தும் அதே அரோமாட்டிக் உருவாக்கம் பென்சீனையும் கூட்டுவதால், இசட்எஸ்எம்-5 படுகையை எவ்வளவு நேரம், எவ்வளவு சூட்டில் தொடவிடுவது என்பதை இந்த வரம்பு கட்டுப்படுத்துகிறது.

பிளாஸ்டிக்கை எரிபொருளாக்கினால் அதன் கார்பன் முழுவதும் இறுதியில் காற்றில்தான் கலக்கிறது. ஒரு கிலோ பாலிஎத்திலீனுக்கு ஈடான எரிபொருள் எரிந்து தருவது 3.1 கிலோ கார்பன் டைஆக்சைடு. சப்போரோவின் இலேசான எண்ணெய் மூலப்பொருளாகவும் நடுத்தர எண்ணெய் எரிபொருளாகவும் போனதால், ஒரே ஆலையின் இரண்டு குழாய்கள் சுற்றுச்சூழல் கணக்கில் இருவேறு பக்கங்களில் நின்றன. ஆலையை மதிப்பிடுவோர் மொத்த விளைச்சலைக் கேட்பதோடு நில்லாமல், ஒவ்வொரு பகுதியும் எங்கே போகிறது என்று தனித்தனியே கேட்க வேண்டும்.

புதிய வினையூக்கிகள்

கடந்த சில ஆண்டுகளில் வினையூக்கி ஆய்வு வேறொரு திசையில் திரும்பியிருக்கிறது. அமெரிக்காவின் டெலாவேர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், டங்ஸ்டன் சேர்ந்த சிர்கோனியாவின் (சிர்கோனியம் ஆக்சைடு) மீது பிளாட்டினத்தைப் பதித்து, அதை ஒய் வகை ஜியோலைட்டோடு கலந்து, ஹைட்ரஜன் அழுத்தத்தில் 225 டிகிரியிலேயே பாலிஒலிஃபின்களை எரிபொருள் வரம்பில் உள்ள திரவங்களாக மாற்றிக் காட்டினர். விளைச்சல் 85 விழுக்காடு வரை எட்டியது. 225 டிகிரி என்பது வெப்பச் சிதைவின் வெப்பநிலையில் ஏறத்தாழ பாதி. பிளாட்டினம் ஹைட்ரஜனை நீக்கியும் சேர்த்தும் உதவ, அமிலத் தளங்கள் சங்கிலியைப் பிளக்கின்றன. ஒலிஃபின்கள் உடனுக்குடன் நிறைவுறுவதால் பிசின் படியும் குறையும் வெகுவாகத் தணிகிறது. வெப்பச் சிதைவுக்கு வெளி ஹைட்ரஜன் தேவைப்படவில்லை, இம்முறைக்குத் தேவை. அந்த ஹைட்ரஜன் இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறதா, மின்பகுப்பிலிருந்து வருகிறதா என்பதைப் பொறுத்து 3.1 கிலோ என்ற எண்ணோடு கூட்ட வேண்டியது மாறும்.

என்னை இந்த ஆய்வு மிகவும் ஈர்க்கிறது. 225 டிகிரியில் வினை நடந்தால், உலைச் சுவர் அளவுக்கு மீறிச் சூடாகிக் கரி படியும் சிக்கல், பீங்கான் உருண்டைகள் தேவைப்பட்ட அந்தப் பழைய சிக்கல், பெருமளவு குறைந்துவிடும். ஆனால் பிவிசி தன் குளோரினை முழுமையாக விடுவதற்கு 300 டிகிரியும் அதற்கு மேலும் வேண்டும்; வினை 225 டிகிரியில் நடந்தால் குளோரின் வினையின் ஊடே மெதுவாகக் கசிந்துகொண்டே இருக்கும். பிளாட்டினமும் ஜியோலைட்டும் அதற்கு இலக்காகும். ஆகவே வீட்டுக் கழிவைக் கொண்டு இந்த வினையை ஆலை அளவில் நடத்த முனைவோர், 225 டிகிரி உலைக்கு முன்னால் அதைவிடச் சூடான குளோரின் நீக்கும் கலன் ஒன்றைக் கட்ட வேண்டியிருக்கும், அல்லது உருக்குவதற்கு முன்பே அகச்சிவப்புக் கதிர் கொண்டு பிவிசியை இனம்கண்டு பிரிக்க வேண்டியிருக்கும். அகச்சிவப்புக் கருவியோ கரும்புகை நிறமி சேர்ந்த கறுப்புப் பிளாஸ்டிக்கைச் சரியாக இனம்காணாது, பல அடுக்கு உறையில் மேலடுக்கை மட்டுமே பெரும்பாலும் படிக்கும்.